வேலியோரத்து மருதோன்றி

பெருநாள் நெருங்கினால் கடைவீதியெங்கும் மெஹந்தி கோன்கள் தோரணமாகத் தொங்குகின்றன. சிவப்பு, கறுப்பு, "பத்து நிமிடத்தில் நிறம்" என்று விதவிதமான எழுத்துக்கள். நோன்பு இருபத்தைந்து தாண்டியதும் ஒரு வீட்டில் நான்கைந்து கோன்களாவது வாங்கப்படுகின்றன. அதற்குள் என்ன இருக்கிறது என்று கேட்டு வாங்குபவர் மிகக் குறைவு.

நமது உம்மம்மாமார் காலத்தில் இந்தக் கேள்விக்கே இடமிருக்கவில்லை. கிணற்றடிக்கும் வேலிக்கும் இடையில் ஒரு மருதோன்றிச் செடி நின்றது. அஸருக்குப் பின் இலை உருவினார்கள். இஷாவுக்கு முன் அம்மியில் அரைத்தார்கள். பிள்ளைகளை வரிசையாக இருத்தி உள்ளங்கையில் வட்டமாக அப்பி, விரல் நுனிகளுக்குத் தொப்பி போட்டுத் துணியால் கட்டிப் படுக்க வைத்தார்கள். பின்பு கிளுவை வேலிகள் போய் மதில்கள் வந்தன. வளவு துண்டு துண்டாகப் பிரிந்து மக்களுக்கு வீடாயிற்று. மருதோன்றிக்கு இடமில்லாமல் போயிற்று. அது விட்டுச்சென்ற இடத்தில்தான் கோன் வந்து நிற்கிறது.

ஒரு பெரிய பூச்சாடி வைக்க இடமுள்ள எந்த வீட்டிலும் இந்தச் செடியைத் திரும்பவும் வளர்க்கலாம். அதைப் பற்றியும், நமது பிள்ளைகளின் கைகளில் நாம் பூசுவது எது என்பது பற்றியும் சற்று விரிவாகவே பார்ப்போம்.

ஒரு செடி, பல பெயர்

மருதோன்றி என்றும் மருதாணி என்றும் நாம் சொல்வதைச் சித்த வைத்திய நூல்கள் அழவணம், ஐவணம் என்று குறிக்கின்றன. சிங்களத்தில் மாரதொண்டி. அரபியில் ஹின்னா. உர்து, ஹிந்தி பேசுவோர் மெஹந்தி என்கின்றனர். தாவரவியலாளர் வைத்த பெயர் லோசோனியா இனெர்மிஸ். ஐசக் லோசன் என்ற ஸ்கொட்லாந்து வைத்தியரின் நினைவாக லின்னேயஸ் 1753-ல் இட்ட பெயர் இது. இனெர்மிஸ் என்றால் முள்ளில்லாதது என்று பொருள். ஆனால் நாட்பட்ட செடியின் கிளை நுனிகள் காய்ந்து இறுகி முள்ளாகிவிடுகின்றன. இலை உருவிக் கை கிழிந்தவர்கள் அந்தப் பெயரைக் கேட்டால் சிரிப்பார்கள்.

மாதுளையும் இதுவும் ஒரே குடும்பம். வெட்டாமல் விட்டால் ஆறு அடியைத் தாண்டி, சில இடங்களில் சிறு மரமாகவே வளரும். கிளை நுனிகளில் கொத்துக் கொத்தாகப் பூக்கும். பூ மிகச் சிறியது, நான்கே இதழ்; வெள்ளையும் வெளிர் மஞ்சளும் கலந்த நிறம். சில செடிகளில் இளஞ்சிவப்பாகவும் இருக்கும். அழகென்று தனித்துப் பார்த்தால் பெரிதாக ஒன்றுமில்லை. மணமோ வேறு கதை. அந்தி சாய்ந்தபின் முற்றத்தில் இருந்தால், செடி எங்கே நிற்கிறது என்று கண்ணால் தேட வேண்டியதில்லை. இந்தியாவின் கன்னோஜ் நகரில் இந்தப் பூவை வடித்துச் சந்தன எண்ணெயில் இறக்கி அத்தர் செய்கிறார்கள்.

எகிப்தின் பழைய மம்மிகளின் முடியிலும் நகங்களிலும் மருதோன்றிச் சாயம் இருந்ததாக ஆய்வாளர் கூறுவர். 2024 டிசம்பரில் யுனெஸ்கோ நிறுவனம் மருதோன்றி சார்ந்த வழக்கங்களை மனிதகுலத்தின் பண்பாட்டு மரபுகளின் பட்டியலில் சேர்த்தது. பதினாறு அரபு நாடுகள் சேர்ந்து விண்ணப்பித்திருந்தன. கலியாணத்துக்கு முந்திய இரவில் மணப்பெண்ணுக்கு மருதோன்றி இடுவதை ஒரு தனி வைபவமாகவே கொண்டாடும் நமது பக்கத்து வழக்கமும் அந்தப் பெரிய மரபின் ஒரு கிளைதான்.

நடுவதும் வளர்ப்பதும்

மருதோன்றி வெயிலின் பிள்ளை. மன்னார், புத்தளம், மட்டக்களப்பு, அம்பாறைக் கரையோரங்களின் சூடும் மணல் கலந்த மண்ணும் அதற்கு நன்கு ஒத்துப்போகும். கச்சான் காற்று வீசி மற்றச் செடிகள் வாடும் மாதங்களிலும் இது நின்று பிடிக்கும். கொழும்பு, கண்டிப் பக்கங்களிலும் வளரும். ஆனால் முழு வெயில் படும் இடமாகப் பார்த்து வைக்க வேண்டும். நிழலில் நின்ற செடி நெடுநெடுவென்று வளரும், நிறம் தராது. மிகக் குளிரான மலைநாட்டில் இதற்காகப் பாடுபடுவது வீண்.

அதற்கு ஆகாதது ஒன்றே ஒன்று: வேரடியில் தேங்கும் தண்ணீர். வெள்ளம் நிற்கும் வளவாக இருந்தால் மண்ணை மேடாக்கிவிட்டு நடவேண்டும்.

விதையிலிருந்தும் முளைக்க வைக்கலாம். காய் மிளகளவு உருண்டையானது. காய்ந்து பழுப்பானதும் உள்ளே பொடிப்பொடியாக விதைகள் இருக்கும். அவற்றின் தோல் கடினம். சில நாட்கள் தண்ணீரில் ஊறவைத்து, தினமும் தண்ணீரை மாற்றி, பிறகு மணலில் தூவ வேண்டும். முளைத்தாலும் பொறுமையைச் சோதிக்கும். நான் சொல்வதென்றால், விதைக்காக மினக்கெடாமல் கிளை கேட்டு வாங்குங்கள்.

பென்சில் தடிப்பமுள்ள, பச்சை மாறிச் சற்று முற்றிய கிளையாக, ஒரு சாண் நீளத்துக்கு வெட்டுங்கள். அடிப்பாகம் ஒரு கணுவுக்குக் கீழே வரட்டும். நுனியில் இரண்டு மூன்று இலைகளை விட்டு மற்றவற்றைக் கிள்ளிவிடுங்கள். மணலும் மக்கிய எருவும் கலந்த பொலித்தீன் பையில் பாதிக்கு மேல் மண்ணுக்குள் போகும்படி ஊன்றி, நிழலில் வையுங்கள். மண் ஈரமாக இருக்க வேண்டும்; சேறாக இருக்கக் கூடாது. நான்கைந்து கிளைகள் ஊன்றினால் இரண்டாவது பிழைக்கும். ஒரு மாதம், ஒன்றரை மாதத்தில் புதுத் தளிர் வரும். தளிர் வந்தவுடனேயே வேர் வந்துவிட்டது என்று எண்ணிப் பிடுங்கிப் பார்க்க வேண்டாம். கிளையில் மிஞ்சிய சத்தைக் கொண்டும் தளிர் வருவதுண்டு. மேலும் இரண்டு வாரம் விட்டுப் பிறகு மெல்ல மெல்ல வெயிலுக்குக் கொண்டுவாருங்கள்.

கிழக்கிலும் வடக்கிலும் உள்ளவர்கள் ஒக்டோபர், நவம்பர் மாரி மழையோடு நிலத்தில் நட்டால் கோடை வருவதற்குள் வேர் இறங்கிவிடும். ஒரு முழம் ஆழம், ஒரு முழம் அகலம் குழி. ஒரு கூடை மக்கிய ஆட்டெரு அல்லது மாட்டெரு போதும். வேலியாக வளர்க்க விரும்புவோர் ஒரு முழத்துக்கு ஒன்றாக வரிசையில் நடலாம். இடுப்பளவில் வெட்டி வந்தால் அடர்ந்து நிற்கும். முதல் வருடம் தண்ணீர் கவனமாக ஊற்றுங்கள். அதன்பின் அது தன்னைப் பார்த்துக்கொள்ளும்.

சாடியில் வளர்ப்பவர்கள் சிறு சட்டியில் ஆரம்பித்துச் செடியை நோகடிக்காமல், பெயின்ற் வாளி அளவுள்ள ஒன்றை எடுத்து அடியில் நான்கைந்து துளையிட்டுக்கொள்ளுங்கள். மொட்டை மாடியின் கடும் வெயில் மற்றச் செடிகளுக்கு ஆகாது. இதற்கு அதுவே வேண்டும்.

வெட்ட வெட்டத்தான் மருதோன்றி தழைக்கும். வருடத்தில் இரண்டு தடவை நன்றாக வெட்டலாம். வெட்டிய கிளையில்தான் இளம் இலைகள் மண்டிவரும். ஆனால் பூ வருவது கிளை நுனியில். எப்போதும் கத்தரித்துக்கொண்டே இருந்தால் பூவைக் காணமாட்டீர்கள். மணம் வேண்டுமென்றால் ஒரு செடியை, அல்லது ஒரே செடியின் ஒரு பக்கத்தை, தொடாமல் விட்டுவிடுங்கள்.

சில பருவங்களில் இலை தின்னும் புழு வரும். கையால் பொறுக்கி அகற்றுங்கள், அல்லது அந்தக் கிளையையே வெட்டி எறியுங்கள். பூச்சிமருந்து அடிக்க வேண்டாம். அந்த இலை நாளை ஒரு குழந்தையின் உள்ளங்கைக்குப் போகவிருப்பது.

நிறம் எங்கிருந்து வருகிறது?

பச்சை இலை சிவப்பைத் தருவது சிறுவயதில் நம் எல்லோருக்கும் அதிசயமாக இருந்தது. இலைக்குள் லோசோன் என்ற சாயப்பொருள் இருக்கிறது. காய்ந்த இலையின் எடையில் அது ஏறத்தாழ நூற்றுக்கு ஒரு பங்குதான். இலையை அரைத்ததும் வெளிப்படும் இந்தப் பொருள், தோலிலும் நகத்திலும் முடியிலும் உள்ள கெரட்டின் என்ற புரதத்தோடு ஒட்டிக்கொள்கிறது. உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் மேற்தோல் தடிப்பாக இருப்பதால் அங்கு நன்றாகப் பிடிக்கிறது. புறங்கையில் மங்கலாக நிற்பதற்குக் காரணம் பசையின் குற்றமல்ல, தோல் மெல்லியது.

இதைத் தெரிந்துகொண்டால் பழைய கைப்பக்குவங்களில் எது பயன், எது வெறும் பழக்கம் என்பதும் ஓரளவு புரியும். தேசிக்காய்ப் புளி விடுவது பயன். புளிப்பு, சாயத்தை மெதுவாக வெளியேற்றிக் கெடாமல் வைக்கும். தேயிலைச் சாயமும் கொட்டைப்பாக்கும் காலங்காலமாகச் சேர்ப்பவை. தீங்கில்லை, விரும்பினால் சேர்க்கலாம். சீனித் தண்ணீர் தொட்டுவைப்பது பசை காய்ந்து உதிராமல் ஒட்டி நிற்பதற்கு. கராம்புப் புகை பிடிப்பதில் சூடுதான் உதவுகிறது.

கைக்கு அரைப்பதென்றால் கிளையின் நுனிப்பக்கத்து இளம் இலைகளைக் காம்போடு உருவுங்கள். அவற்றில்தான் சாயம் அதிகம். மழைக்குப் பின் வரும் தண்ணீர்த்தன்மையான இலையைவிட, வெயிலில் நின்ற இலை நல்ல நிறம் தரும். அம்மியில் விழுதாக அரைத்து, தேசிக்காய்ப் புளி சில துளி விட்டுக் குழையுங்கள்.

ஆறேழு மணி நேரம் கையில் இருக்கட்டும். பின்பு தண்ணீரில் கழுவாமல் சுரண்டி உதிர்த்துவிட்டுத் தேங்காய் எண்ணெய் பூசுங்கள். முதலில் தெரிவது செம்மஞ்சள் நிறம்தான். அதைக் கண்டு மனம் சோர வேண்டாம். காற்றுப் பட்டு ஒரு நாள், இரண்டு நாளில் அது செந்நிறமாகி, கபிலம் கலந்த சிவப்பாக முதிரும். ஆகவே பிறை பார்த்த இரவில் போட்டால் பெருநாளன்று காலையில் தோடம்பழ நிறம்தான் இருக்கும். உண்மையான சிவப்பு, விருந்தாளிகள் போனபின் வரும்! நோன்பு இருபத்தெட்டாம் இரவில் போட்டுவிடுங்கள். பிறை இருபத்தொன்பதில் தெரிந்தாலும் சரி, முப்பது பூர்த்தியானாலும் சரி, கை சிவந்திருக்கும். மணப்பெண்ணுக்கும் கலியாணத்துக்கு இரண்டு நாள் முன்னதாகப் போடுவதே முறை. வைபவம் முந்திய இரவில்தான் நடக்க வேண்டுமென்றால், அன்று ஒரு பொட்டு வைத்து அதை நடத்திக்கொள்ளலாம்.

செடியில் இலை மிஞ்சும்போது நிழலில் காயவையுங்கள். இலை நொறுங்கும் பதம் வந்ததும் இடித்து, மெல்லிய சீலையில் சலித்து, காற்றுப்புகாத போத்தலில் அடைத்து இருட்டில் வைக்கலாம். நல்ல தூள் பச்சையாக இருக்கும். பழுப்பேறினால் வீரியம் குறைந்துவிட்டது. தூளைத் தேசிக்காய்ப் புளியில் குழைத்தவுடன் பூசக்கூடாது. ஐந்தாறு மணி நேரம் மூடிவைத்து, சிறிது எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பாருங்கள். ஐந்து நிமிடத்தில் செம்மஞ்சள் புள்ளி விழுந்தால் பசை தயார்.

இந்தச் சாயம் தோலின் மேல் படலமாக நிற்பதில்லை, தோலிலேயே கலந்துவிடுகிறது. ஆகவே வுழூவின் தண்ணீர் தோலில் படுவதற்கு அது தடையாவதில்லை. நகப்பூச்சுக்கும் மருதோன்றிக்கும் உள்ள வித்தியாசம் இதுதான். காய்ந்த பசை மட்டும் ஒட்டியிருந்தால் அகற்றிவிட வேண்டும்.

கறுப்புக் கோனின் கதை

இரண்டு நாள் பொறுத்தால்தான் நிறம் என்பது மருதோன்றியின் இயல்பு. பிறை கண்ட இரவில் பூசிக் காலையில் கரும் நிறமாக இருக்க வேண்டும் என்பது நமது அவசரம். இந்த இடைவெளிக்குள்தான் வியாபாரம் நுழைந்தது.

மருதோன்றி ஒருநாளும் கறுப்பு நிறம் தராது. அரை மணி, ஒரு மணி நேரத்தில் தார் போலக் கறுப்பாகப் பிடிக்கும் கோனில் மருதோன்றி பேருக்கு இருக்கலாம். வேலை செய்வது வேறொன்று. பெரும்பாலும் அது பி.பி.டி. எனப்படும் பராபினைலின்டயமின். தலைமுடிக்குப் போடும் கறுப்புச் சாயங்களில் உள்ள அதே இரசாயனம். முடிச்சாயத்தில் கூட ஐரோப்பிய நாடுகள் இதை நூற்றுக்கு இரண்டு பங்குக்கு மேல் அனுமதிப்பதில்லை. தோலில் பூசுவதற்கு அனுமதியே இல்லை. கறுப்பு மெஹந்திப் பசைகளைச் சோதித்தபோது சிலவற்றில் நூற்றுக்குப் பத்துப் பங்குக்கும் மேலாக இது காணப்பட்டிருக்கிறது. அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகமோ மருதோன்றியையே தலைமுடிச் சாயமாக மட்டும்தான் அங்கீகரித்துள்ளது.

இதிலுள்ள ஏமாற்று என்னவென்றால், முதல் தடவை போடும்போது பலருக்கு ஒன்றும் நடப்பதில்லை. "போன பெருநாளுக்கும் இதைத்தானே போட்டோம்" என்று தைரியம் வந்துவிடுகிறது. ஆனால் அந்த முதல் தடவையில் உடல் இந்த இரசாயனத்தை எதிரியாக அடையாளம் கண்டுவைத்துக்கொள்ளலாம். சிலருக்கு ஒன்றிரண்டு வாரத்தில் அதே கோலம் தடித்துச் சிவக்கும். மற்றவருக்கு அடுத்த தடவை ஓரிரு நாளிலேயே அரிப்பு, வீக்கம், நீர்க்கொப்புளம். பூவும் கொடியுமாகப் போட்ட வடிவம் அப்படியே கொப்புளமாக எழும்பி நிற்கும். காய்ந்தபின் அந்த இடம் வெளுத்தோ கறுத்தோ பல மாதம் தழும்பாக இருக்கும். சிலருக்கு நிரந்தரமாகவும் நின்றுவிடும்.

கோனை நிறுத்திவிட்டாலும் விஷயம் முடிவதில்லை. ஒருமுறை ஏற்பட்ட ஒவ்வாமை பொதுவாக ஆயுள் முழுவதும் தொடரும். பத்து வயதில் கறுப்புக் கோன் போட்ட பெண்பிள்ளை, நாற்பது வயதில் நரைக்குச் சாயம் பூசும்போது முகமும் கண்ணிமையும் வீங்கி ஆஸ்பத்திரிக்குப் போக நேரலாம். சில துணிச்சாயங்கள், மரத்துப்போகச் செய்யும் சில மருந்துகள் கூட அப்படிப்பட்டவருக்கு ஒத்துக்கொள்ளாமல் போவதுண்டு. ஒரு பெருநாள் இரவுக்காகப் பிள்ளைக்கு நாம் கொடுக்கும் விலை இது.

சூடானில் மணப்பெண் அலங்காரத்துக்காக மருதோன்றியோடு பி.பி.டி. கலக்கும் வழக்கம் பரவியது. அதனால் கார்ட்டூம் நகரில் நஞ்சேறிய 31 சிறுவர்களைப் பற்றி வைத்தியர்கள் 1992-ல் எழுதினார்கள். அவர்களில் பலர் பிழைக்கவில்லை. வீட்டில் இந்தக் கலவை இருப்பதே சிறு பிள்ளைகளுக்கு ஆபத்து.

நல்ல கோனை எப்படி இனங்காண்பது? அசல் மருதோன்றிப் பசை வெளியில் இருந்தால் சில நாட்களில் வீரியம் இழந்துவிடும். அதைக் குளிரூட்டியில், நீண்டகாலத்துக்கென்றால் உறைபெட்டியில் வைத்துத்தான் பாதுகாக்க முடியும். அப்படியிருக்க, வெயில் படும் கடை வாசலில் மாதக்கணக்காகத் தொங்கி, ஒரு வருடத்துக்கு மேல் காலாவதித் திகதியும் போட்டுக்கொண்டு, பிதுக்கியவுடன் கடும் நிறம் தருவது எப்படி வெறும் இலையாக இருக்கும்? மணத்தையும் பாருங்கள். இலையின் மணமும் தைலத்தின் மணமும் சரி. மண்ணெண்ணெய், பெற்றோல் வாடை வந்தால் வைத்துவிடுங்கள். உள்ளடக்கம் அச்சிடாத கோனை வாங்கவே வேண்டாம். "இயற்கையானது" என்ற ஒரு சொல் உள்ளடக்கம் ஆகாது.

வீட்டிலிருந்தபடியே கோன் செய்து விற்கும் சகோதரிகள் இப்போது ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். பலருக்கு அது பிள்ளைகளின் படிப்புச் செலவு. அவர்களிடம் வாங்குவது நல்லது. ஆனால் என்ன சேர்த்தீர்கள், எப்போது குழைத்தீர்கள் என்று கேட்பதில் வெட்கப்படாதீர்கள். கேள்விக்குப் பதில் சொல்ல முடிந்தவரிடம் வாங்குங்கள். பிறர் செய்த தூளை வாங்கிக் குழைப்பவர்கள், அந்தத் தூளில் என்ன இருக்கிறது என்பதையும் விசாரித்துக்கொள்ள வேண்டும்.

போட்ட இடம் எரிந்தால் அல்லது அரித்தால் உடனே சவர்க்காரமும் தண்ணீரும் கொண்டு கழுவுங்கள். கொப்புளத்தை உடைக்க வேண்டாம். பற்பசை, மஞ்சள் என்று எதையும் அப்ப வேண்டாம். வைத்தியரிடம் போகும்போது கோனையும் உறையையும் கொண்டு போங்கள். உதடோ கண்ணோ வீங்கினால், மூச்சு முட்டினால் காத்திருக்கக் கூடாது; 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் வரும். விற்ற பொருள் பற்றி முறையிட நுகர்வோர் அதிகாரசபையின் இலக்கம் 1977.

பச்சைக் குழந்தைக்கு வேண்டாம்

இந்தப் பகுதியைத் தாய்மார்கள் நிதானமாக வாசிக்க வேண்டுகிறேன். ஏனெனில் இது கலப்படத்தைப் பற்றியதல்ல. நமது வேலியில் நின்ற அசல் மருதோன்றியைப் பற்றியது.

சிலருடைய இரத்தத்தில் ஜி-6-பி.டி. என்ற நொதி பிறவியிலேயே குறைவாக இருக்கிறது. மலேரியா பரவியிருந்த நாடுகளின் மக்களிடம், எமது நாடு உட்பட, இது காணப்படுகிறது. ஆண் குழந்தைகளைக் கூடுதலாகப் பாதிக்கும். வெளிப்பார்வைக்குப் பிள்ளை முழு ஆரோக்கியமாக இருக்கும். ஆனால் லோசோன் தோல் வழியாகச் சிறிதளவு உள்ளே போனாலே அப்படிப்பட்ட குழந்தையின் செங்குருதிக் கலங்கள் உடையத் தொடங்கலாம். 2001-ல் ஐக்கிய அரபு இராச்சியத்திலிருந்து வைத்தியர்கள் அறிவித்த நான்கு பிள்ளைகளில், மருதோன்றி பூசிய பின் ஒரு பச்சிளம் குழந்தை இறந்துவிட்டது.

ஆகவே நாற்பதாம் நாள், பெயர் வைத்தல் என்று எந்த வைபவமானாலும் கைக்குழந்தைக்கு மருதோன்றி பூச வேண்டாம். உச்சந்தலையில் அப்புவதும் வேண்டாம். குடும்பத்தில் யாருக்காவது இந்தக் குறைபாடு இருப்பதாக வைத்தியர் சொல்லியிருந்தால், வளர்ந்த பிள்ளைகளுக்கும் கேட்டுவிட்டே பூச வேண்டும். பூசியபின் பிள்ளை வெளிறிச் சோர்ந்தால், கண் மஞ்சளானால், சிறுநீர் தேயிலைச் சாயம் போலக் கறுத்துப் போனால் அந்த நேரமே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். மருதோன்றி பூசியதைச் சொல்லுங்கள். அலுமாரியில் போடும் பூச்சி உருண்டையும் இதே கெடுதலைச் செய்யும். அதோடு மடித்து வைத்திருந்த துணியைக் குழந்தைக்கு உடுத்தும் முன் நன்றாகத் துவைத்து வெயிலில் காயவிடுங்கள்.

வைத்தியத்தில்

நபி (ஸல்) அவர்களின் இல்லத்தில் பணிவிடை செய்த ஸல்மா (ரலி) அவர்கள், காயமோ முட்குத்தோ ஏற்பட்டால் அதன்மேல் மருதோன்றி வைக்கும்படி அவர்கள் பணித்ததாக அறிவித்திருக்கிறார்கள். திர்மிதியில் இது பதிவாகியுள்ளது. கால் வலிக்கு மருதோன்றி சொல்லப்பட்டதை அபூதாவூத் கிரந்தத்தில் காணலாம். யூனானி, சித்த வைத்தியர்கள் இதைக் குளிர்ச்சியான மூலிகை என்பர். பாத எரிவு, குதிகால் வெடிப்பு, நகச்சுற்று, சேற்றுப்புண் ஆகியவற்றுக்கு இலையை அரைத்துக் கட்டுவது நமது வீடுகளில் உள்ள பழக்கமே. இலைச் சாறு சில கிருமிகளையும் பூஞ்சணங்களையும் அடக்குவதை ஆய்வுகூடச் சோதனைகளும் காட்டியிருக்கின்றன. புற்றுநோய் மருந்தொன்றினால் உள்ளங்கை, உள்ளங்கால் வெந்தாற்போலாகும் நோயாளிகளுக்கு மருதோன்றி பூசியதில் ஆறுதல் கிடைத்ததாகத் துருக்கி வைத்தியர்கள் 2008-ல் எழுதினார்கள். மிகச் சிலரிடம் மட்டும் பார்த்தது. தன் வைத்தியரிடம் கேளாமல் யாரும் செய்துபார்க்க வேண்டாம்.

பாத எரிவைப் பற்றி ஒரு வார்த்தை. வெயிலில் நடந்த கால் எரிந்தால் மருதோன்றி பூசலாம், குளிரும். ஆனால் இரவில் படுத்தபின் தினமும் பாதம் எரிகிறது, மரத்துப்போகிறது, ஊசி குத்துகிறது என்றால் அது நீரிழிவு நரம்பைத் தாக்கியதன் அறிகுறியாக இருக்கலாம். மருதோன்றி அந்த எரிவைச் சிறிது தணித்துவைத்து, நோயை மறைத்துவிடும். நமது பெண்கள் தமது உடம்பைக் கவனிப்பதில் கடைசி ஆள். "மருதோன்றி பூசினேன், சரியாயிற்று" என்று வருடங்களைக் கடத்திவிடுவார்கள். முதலில் சீனி பார்த்துவிடுங்கள். நீரிழிவுள்ளவரின் நகச்சுற்றுக்கும் காற்புண்ணுக்கும் வீட்டு வைத்தியம் கூடவே கூடாது. இலையையோ வேரையோ அவித்துக் குடிப்பதும் வேண்டாம்; கர்ப்பிணிகள் அறவே தவிர்க்க வேண்டும்.

தலைக்கு

மக்கா வெற்றியின்போது அபூபக்ர் (ரலி) அவர்களின் தந்தை தூய வெண்ணிற முடியோடு கொண்டுவரப்பட்டபோது, அந்த நரையை மாற்றும்படியும் கறுப்பைத் தவிர்க்கும்படியும் நபியவர்கள் சொன்னதாக முஸ்லிம் கிரந்தத்தில் உள்ளது. நரைக்கு மருதோன்றி பூசும் வழக்கம் நமது மூத்தவர்களிடம் வேரூன்றியது அப்படித்தான்.

தலைக்குப் பசை குழைக்கும்போது முட்டையும் தயிரும் தாராளமாகச் சேர்ப்பவர்கள் உண்டு. இரண்டும் புரதம். சாயம் முடியைப் பிடிப்பதற்கு முன் அதிலேயே பாதி ஒட்டிக்கொள்ளும். நிறம் வேண்டுபவர்கள் தேயிலைச் சாயத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். இரண்டு மணி நேரம் வைத்து அலசினால் போதும். முடி சற்று வரளும். மறுநாள் எண்ணெய் வைத்தால் சரியாகிவிடும். கருமை கலந்த நிறத்தை விரும்புவோருக்கு அவுரி இலைத்தூள் இருக்கிறது. பெட்டியில் வரும் "கறுப்பு மருதோன்றி" பெயரில் மட்டும் மருதோன்றி, அதிலும் பி.பி.டி. உண்டு.

இலையை அரைத்துச் சிறு வடைகளாகத் தட்டி நிழலில் காயவைத்து, தேங்காய் எண்ணெயில் போட்டுச் சில நாள் வெயிலில் வைத்தால் தலைக்குக் குளிர்ச்சியான எண்ணெய் கிடைக்கும். கொட்டிய முடி வளரும் என்று நான் சொல்லமாட்டேன். மணமும் குளிர்ச்சியும் உண்டு, அது போதாதா? பூக்கும் காலத்தில் இரண்டு கொத்துப் பூவைத் துணியில் முடிந்து தலையணைக்கடியில் வைத்துப் பாருங்கள். தூக்கம் வரும் என்று வயதானவர்கள் சொல்வார்கள்.

அடுத்த மாரிக்கு இன்னும் நாளிருக்கிறது. உங்கள் தெருவில் பழைய வேலி மிஞ்சியிருக்கும் வீடு எது என்று இப்போதே பார்த்துவைத்து, அந்த வீட்டு மூத்தம்மாவிடம் நான்கு கிளை சொல்லிவையுங்கள்.